லிவியாதானுக்குத் தூண்டில் போடலாமா? வேதாகமத்தின் பெருவிலங்குகள் படைத்தவரைக் காட்டும் விதம்

யோபு புத்தகத்தின் 41 ஆம் அதிகாரம், துன்பத்தில் இருக்கும் யோபுவிடம் கடவுள் கேட்கும் ஒரு மீன்பிடிக் கேள்வியோடு தொடங்குகிறது. லிவியாதான் என்னும் கடல்விலங்கைத் தூண்டிலால் பிடிக்க முடியுமா? நாக்கைக் கயிற்றால் இறுக்க முடியுமா? மூக்கில் நார்க்கயிற்றைக் கோக்கவும் தாடையைக் கொக்கியால் துளைக்கவும் முடியுமா? 6 ஆம் வசனம் நேரே மீன் சந்தைக்குப் போகிறது: வியாபாரிகள் பேரம் பேசி அதைக் கூறு போட்டு விற்பார்களா? 7 ஆம் வசனத்தில் தோலுக்கு ஈட்டி, தலைக்கு மீன் குத்தும் மண்டா. திருகோணமலைக் கரையில் வலை இழுக்கிற ஒருவருக்கு இந்த வசனங்களை விளங்கப்படுத்தத் தேவையில்லை. தொழிலில் உள்ள கருவிகள் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டப்படுகின்றன, ஒவ்வொன்றும் சரிவராது என்று ஒதுக்கப்படுகிறது. 8 ஆம் வசனத்தில் கிண்டலும் சேர்ந்துகொள்கிறது. ஒரு தரம் கை வைத்துப் பார், அந்தச் சண்டையை நினைத்தால் மறுபடி அந்தப் பக்கமே போகமாட்டாய் என்கிறது.

விளக்கம் வேண்டியது 10 ஆம் வசனத்துக்கு. அங்கே கடவுள் பேச்சைத் தம் பக்கம் திருப்புகிறார். இந்த விலங்கைச் சீண்டி எழுப்பவே ஒருவருக்கும் துணிவில்லை என்றால், எனக்கு முன்னால் நிற்கக்கூடியவன் யார்? அடுத்த வசனம், வானத்தின் கீழ் உள்ளதெல்லாம் என்னுடையது என்கிறது. வேதாகமத்தில் வலிய விலங்குகள் வருகிற இடங்கள் பலவற்றுக்கும் இந்த இரண்டு வசனங்கள் திறவுகோல்.

படைப்பு படைத்தவரைக் காட்டுகிறது என்று கேட்டவுடன் பலரும் உருவ ஒற்றுமையைத் தேடப் போவார்கள். சிங்கம் கம்பீரமானது, கடவுளும் கம்பீரமானவர் என்ற வகையில். யோபு புத்தகம் செய்வது வேறு. கடலின் ஆழம் பார்க்கக் கயிற்றில் ஈயக்குண்டு கட்டி இறக்குகிறோம். கயிறு முழுவதும் இறங்கியும் தரை தட்டவில்லை. இப்போது ஆழம் எவ்வளவு என்று தெரியாது, ஆனால் இந்தக் கயிற்றைவிட அதிகம் என்பது உறுதி. லிவியாதான் அந்தக் கயிறு. சிறியதிலிருந்து பெரியதுக்குப் போகும் வாதம் இது. படைக்கப்பட்டதன் முன்னாலேயே நிற்க முடியாதவன் படைத்தவரின் முன்னால் எப்படி வழக்காடுவான்? விலங்கு கடவுளைப் போல இருக்கிறது என்று இந்தப் பேச்சில் எந்த வசனமும் சொல்லவில்லை. விலங்கின் வலிமையே நம் அளவுக்கு எட்டாதது என்றுதான் சொல்கிறது.

யாருக்குச் சொல்லப்பட்டது?

இந்தப் பேச்சு 38 முதல் 41 வரை நான்கு அதிகாரங்கள், மொத்தம் 129 வசனங்கள். கேட்பவர் யோபு. சொத்தையும் ஏழு மகன்மாரையும் மூன்று மகள்மாரையும் உடல் நலத்தையும் இழந்து, இது எந்த நியாயத்தில் நடந்தது என்று ஏறக்குறைய முப்பது அதிகாரங்களாகக் கேட்டுக்கொண்டிருக்கிறவர். பெருங்காற்றிலிருந்து கடவுள் பேசுகிறார். முதலில் பூமியின் அஸ்திவாரம், கடலுக்குப் போட்ட கதவு, பனி, மழை, நட்சத்திரங்கள். பிறகு 38:39 இலிருந்து உயிரினங்கள்: சிங்கம், காகம், வரையாடு, மான், காட்டுக்கழுதை, காட்டெருமை, தீக்கோழி, குதிரை, ராஜாளி, கழுகு. கடைசியாகத்தான் பிகெமோத் என்னும் பெருவிலங்கும் லிவியாதானும்.

இந்தப் பட்டியலை மெதுவாக வாசித்தால் ஒன்று கண்ணில் படும். ஆடு இல்லை, பசு இல்லை, ஒட்டகம் இல்லை. யோபுவிடம் ஆயிரக்கணக்கில் இருந்தவை அவைதான். போர்க்குதிரை ஒன்றைத் தவிர மற்றவை எதுவும் மனிதனுக்கு வேலை செய்யாதவை. காட்டெருமை உன் தொழுவத்தில் தங்குமா, உன் வயலை உழுமா என்று 39:9-12 கேட்கிறது. தங்காது, உழாது. காட்டுக்கழுதை நகரத்துச் சந்தடியைப் பார்த்துச் சிரிக்கிறது. தீக்கோழி முட்டையை மண்ணில் விட்டுவிட்டுப் போகிறது, அதற்குப் புத்தி கொடுக்கப்படவில்லை என்று வசனமே சொல்கிறது. ஆனால் எழும்பி ஓடத் தொடங்கினால் குதிரையையும் அதன்மேல் ஏறியிருப்பவனையும் அலட்சியம் பண்ணும். இதை வாசித்து முகம் இறுகவேண்டிய தேவையில்லை. வேதாகமத்தில் சிரிக்கக்கூடிய பகுதிகளில் இதுவும் ஒன்று.

39:1 மான் குட்டி ஈனும் நேரத்தை நீ அறிவாயா என்கிறது. கோணேசர் கோவிலுக்குப் போகும் வழியில் பிரெட்ரிக் கோட்டைக்குள் நிற்கிற புள்ளிமான்களை வைத்து இதை விளங்கிக்கொள்ளப் பார்க்க வேண்டாம். அவை வாழைப்பழத் தோலுக்காக ஆட்களிடம் நெருங்கி வருகிறவை. யோபுவின் மான் யாரும் பார்க்காத மலையில் குனிந்து குட்டி போடுகிறது. குட்டி வளர்ந்து போய்விடுகிறது, திரும்பி வருவதில்லை. மனிதன் பாராத, மனிதனுக்குப் பயன்படாத ஒன்றைக் கவனித்துக்கொண்டிருக்கிற ஒருவர் இருக்கிறார் என்பதுதான் அங்கே படைத்தவரைப் பற்றிய செய்தி. வலிமையைப் பற்றி மட்டும் பேசினால் இந்தப் பாதி விடுபட்டுப் போகும்.

பிகெமோத்

40:15-24 பத்து வசனங்கள்தான். புல் தின்கிறது. பலம் இடுப்பில், வயிற்றின் தசைநாரில். எலும்புகள் வெண்கலக் குழாய், இரும்புக் கம்பி. நாணலின் மறைவிலும் சேற்றிலும் படுத்துக் கிடக்கிறது. ஆறு பெருகி வாய்க்கு நேரே வந்தாலும் பதறாது.

கந்தளாய், சேருவில பக்கத்து ஆட்கள் இதைக் கேட்டவுடன் யானை என்பார்கள். குளத்துக்குள் நின்றுகொண்டு, யானை வெடி போட்டாலும் காதை ஆட்டிவிட்டுத் தின்பதைத் தொடர்கிற கொம்பன் யானையைக் கண்டவர்களுக்கு 23 ஆம் வசனம் புதிதல்ல. நீர்யானை என்பவர்கள் அதிகம். பழைய இஸ்ரயேலின் கரையோரத்தில் நீர்யானை எலும்புகள் கிடைத்திருக்கின்றன, நாணலும் சேறும் அதற்குப் பொருந்தும். ஆனால் 17 ஆம் வசனத்தின் கேதுரு மரம் போன்ற வால் யானைக்கும் பொருந்தாது, நீர்யானைக்கும் பொருந்தாது. லிவியாதானும் இப்படித்தான். செதில் வரிசையைப் பார்த்தால் முதலை, வாயிலிருந்து நெருப்பு வரும்போது முதலை காணாமல் போய்விடும். இது கவிதை. கண்ட விலங்கின் உறுப்புகளிலிருந்து காணாத அளவுக்கு ஏறிப் போகும் கவிதை. எந்த விலங்கு என்ற விவாதத்தில் ஒரு கூட்டம் முழு மாலையையும் செலவழிப்பதுண்டு. பத்து நிமிடம் போதும்.

நேரம் செலவழிக்க வேண்டிய இடம் 15 ஆம் வசனத்தின் நடுவே இருக்கிறது. உன்னை உண்டாக்கினதுபோல அதையும் உண்டாக்கினேன் என்கிறார். பிகெமோத்தும் யோபுவும் ஒரே கையிலிருந்து வந்தவர்கள். 19 ஆம் வசனம் அது கடவுளின் செயல்களில் தலையானது என்கிறது, உடனேயே அதை உண்டாக்கியவரின் பட்டயத்தையும் சொல்கிறது. வலிமைக்கு மேலே இன்னொரு வலிமை. இங்கே ஒரு எச்சரிக்கையும் வேண்டும். இலங்கையில் அண்மைய ஆண்டுகளில் யானை-மனித மோதலில் ஆண்டுக்கு 100 இற்கு மேற்பட்ட மனிதரும் 300 இற்கு மேற்பட்ட யானைகளும் இறக்கின்றனர். இரவு காவலிருந்து வயலைக் காக்கிற குடும்பத்துக்கு, யானையின் பலத்தில் கடவுளின் மகிமையைப் பாருங்கள் என்று மேடையிலிருந்து சொல்வது எளிது. யோபு புத்தகம் அந்த விலங்கை அழகுபடுத்தவில்லை. நெருங்கினால் ஆபத்து என்றே திரும்பத் திரும்பச் சொல்கிறது. மின்வேலியும் காவலும் இந்த வசனத்துக்கு எதிரானவை அல்ல.

விளையாடுகிற லிவியாதான்

லிவியாதான் என்ற பெயர் வேதாகமத்தில் ஐந்து இடங்களில்தான் வருகிறது: யோபு 3:8, யோபு 41, சங்கீதம் 74:14, சங்கீதம் 104:26, ஏசாயா 27:1. ஐந்தையும் அடுத்தடுத்து வாசித்தால் முரண்பாடு போலத் தோன்றும். 74 இல் கடவுள் அதன் தலைகளை நசுக்குகிறார். ஏசாயாவில் அதைப் பெரிய பட்டயத்தால் தண்டிக்கப் போகிறார். 104 இலோ, கப்பல்கள் ஓடுகிற அதே கடலில் விளையாடுவதற்கென்று அதை உண்டாக்கியிருக்கிறார்.

சுற்றியிருந்த நாடுகளின் கதைகளைத் தெரிந்துகொண்டால் இது தெளிவாகும். பாபிலோனியக் கதையில் மர்தூக் என்னும் தெய்வம் தியாமத் என்னும் கடலரசியோடு போரிட்டு, அவளது உடலைப் பிளந்து வானத்தை அமைக்கிறது. சிரியாவின் கரையோர நகரமான உகாரித்தில் 1929 முதல் தோண்டியெடுக்கப்பட்ட களிமண் பலகைகளில் ஏழு தலைப் பாம்பு ஒன்று வருகிறது. ஓடுகிற பாம்பு, முறுகிய பாம்பு என்று அங்கே சொல்லப்படுவது ஏசாயா 27:1 இன் வரியோடு ஏறக்குறைய ஒத்துப்போகிறது. அந்த உலகத்தில் கடல்விலங்கு தெய்வத்தின் எதிராளி. வென்றால்தான் உலகம் உண்டாகும். இப்போது ஆதியாகமம் 1:21 ஐ வாசியுங்கள். ஐந்தாம் நாளில் கடவுள் பெரிய கடல்விலங்குகளைப் படைத்தார், நல்லது என்று கண்டார். போர் இல்லை. எதிராளி என்று அயலவர் நடுங்கிய ஒன்று இங்கே ஐந்தாம் நாளின் கணக்கில் மீனோடும் பறவையோடும் சேர்ந்து வருகிறது.

ஆகவே கவிஞர்கள் அந்தப் பழைய பாம்பை இரண்டு விதமாகக் கையாள முடிந்தது. கொடுங்கோல் அரசுகளைப் பற்றிப் பேசும்போது அதை எதிரியின் உருவமாக எடுத்தார்கள். 74 ஆம் சங்கீதத்தின் பின்னணியில் எரிக்கப்பட்ட ஆலயம் இருக்கிறது. படைப்பைப் பற்றிப் பாடும்போது அதைக் கடலில் துள்ளவிட்டார்கள். எந்த இடத்தில் எந்த வேலைக்கு எடுக்கப்படுகிறது என்று பாராமல், லிவியாதான் என்றால் சாத்தான் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறவர்கள் 104 ஐ என்ன செய்வது என்று தெரியாமல் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

104 ஐ வாசிக்கத் திருகோணமலை தோதான இடம். கொட்டியார் குடாவிலிருந்தே ஆழ்கடல் பள்ளத்தாக்கு இறங்குவதால் நீலத்திமிங்கிலங்கள் கரைக்கு அண்மையிலேயே வந்துபோகின்றன. உப்புவெளி, நிலாவெளியிலிருந்து வள்ளத்தில் போகிறவர்கள் காண்பது முதுகின் ஒரு துண்டும் மூச்சின் நீர்த்தூவலும்தான். 20 மீற்றருக்கு மேற்பட்ட உடலின் மிச்சம் தண்ணீருக்குள். அது போன பிறகு நீரின்மேல் ஒரு தடம் மினுங்கும். யோபு 41:32, ஆழம் நரைத்தது போலத் தோன்றும் என்கிறது. லிவியாதான் திமிங்கிலம் என்று நிறுவ இதைச் சொல்லவில்லை. அந்த வரியை எழுதியவர் கடலைப் பார்த்தவர் என்பது தெரிகிறது.

அதே திமிங்கிலம் உயிர் வாழ்வது கூனி இறாலைப் போன்ற சிற்றுயிர்களில். உலகில் வாழ்ந்தவற்றுள் மிகப் பெரிய விலங்கு, நாளாந்தம் தொன் கணக்கில் விரலளவு உணவைத் தேடி அலைய வேண்டும். சங்கீதம் 104:27 இதைத்தான் சொல்கிறது: இவை எல்லாம் ஏற்ற வேளையில் ஆகாரத்துக்காக உம்மையே நோக்கியிருக்கும். 21 ஆம் வசனத்தில் சிங்கக்குட்டியின் கர்ச்சனையும் கடவுளிடம் உணவு கேட்பதாகப் பாடப்படுகிறது. காட்டையே நடுங்க வைக்கிற சத்தம், பாட்டுக்காரருக்கு அது பசியின் சத்தம். படைப்புக்கும் படைத்தவருக்கும் இடையிலான வித்தியாசம் இங்கே வெளிச்சமாகிறது. விலங்கின் வலிமை வாங்கிய வலிமை. அடுத்த வேளைச் சாப்பாடு இல்லாவிட்டால் அது போய்விடும். கடவுளின் வலிமைக்கு யாரும் தீனி போடுவதில்லை.

என்னை வணங்காதே என்கிற வலியவர்

வேதாகமத்தின் வலிய படைப்புகள் விலங்குகள் மட்டுமல்ல. 2 இராஜாக்கள் 19:35 இல் ஒரே ஒரு தூதன் ஓர் இரவில் அசீரியப் பாளயத்தில் 1,85,000 பேரை வீழ்த்துகிறான். தூதர்களைக் காண்கிறவர்கள் பெரும்பாலும் முகங்குப்புற விழுகிறார்கள், முதலில் கேட்கிற சொல் பயப்படாதே என்பது. ஆனால் வெளிப்படுத்தின விசேஷம் 22:8-9 இல் யோவான் ஒரு தூதனின் பாதத்தில் விழும்போது அந்தத் தூதன் தடுத்துவிடுகிறான்: அப்படிச் செய்யாதே, நானும் உன்னைப் போல ஓர் ஊழியக்காரன், கடவுளை வணங்கு. ஏசாயா 6 இல் கடவுளின் சிங்காசனத்தருகே நிற்கும் சேராபீன்கள் என்னும் பரலோக ஜீவன்களுக்கு ஆறு சிறகுகள். இரண்டால் முகத்தை மூடுகின்றன, இரண்டால் கால்களை மூடுகின்றன, பறப்பதற்கு மிஞ்சியது இரண்டுதான். சிறகுகளின் பெரும்பங்கு மரியாதைக்கே செலவாகிறது.

எசேக்கியேல் 1 இல் மனிதன், சிங்கம், எருது, கழுகு என நான்கு முகமுள்ள ஜீவன்கள் சிங்காசனத்தின் கீழே இருக்கின்றன. சங்கீதம் 18:10 கடவுள் கேருபு என்னும் சிறகுள்ள பரலோக ஜீவன்மேல் ஏறிப் பறந்தார் என்கிறது. கோவில் திருவிழாவில் ரிஷப வாகனத்தையும் யானை வாகனத்தையும் பார்த்து வளர்ந்த நம்மூர் வாசகருக்கு இந்தக் காட்சி அந்நியமாக இராது. அயலில் மூதூர், கிண்ணியா முஸ்லிம்களின் குர்ஆனும் ஒட்டகம் எவ்வாறு படைக்கப்பட்டது என்று பார்க்க மாட்டார்களா எனக் கேட்கிறது (88:17). படைப்பைப் பார்த்துப் படைத்தவரை நினைப்பது இந்த மண்ணில் எல்லா வீட்டிலும் உள்ள பழக்கம். வேதாகமம் தனக்கென்று போடுகிற கோடு எங்கே இருக்கிறது என்று கேட்டால், ரோமர் 1 ஐக் காட்டலாம். 20 ஆம் வசனம், கடவுளின் காணப்படாத வல்லமை படைப்புகளினால் விளங்குகிறது என்கிறது. மூன்று வசனம் தள்ளி 23 இல், அந்த மகிமையைப் பறவை, நாலுகால் விலங்கு, ஊரும் பிராணி ஆகியவற்றின் உருவத்துக்கு மாற்றிவிட்டார்கள் என்கிறது. காட்டுவது ஒன்று, காட்டப்படுபவர் இன்னொருவர். இரண்டும் ஒன்றாகும்போது, யாத்திராகமம் 32 இல் இஸ்ரயேலர் வார்த்து வணங்கிய பொன் கன்றுக்குட்டி வந்துவிடுகிறது.

சிங்கத்தில் ஏற்படும் குழப்பம்

இலங்கையில் சிங்கம் கொடியிலும் மிருகக்காட்சிச்சாலையிலும்தான். வேதாகமத்தில் நிறைய. ஓசியா 11:10 இல் கடவுள் சிங்கத்தைப் போலக் கர்ச்சிக்கிறார். 1 பேதுரு 5:8 இல் பிசாசு கர்ச்சிக்கிற சிங்கத்தைப் போல அலைகிறான். புதிதாக வாசிப்பவர் தடுமாறுவது இயல்பு. ஓசியா எடுப்பது கர்ச்சனையின் அதிகாரத்தை: சத்தம் கேட்டுச் சிதறிய பிள்ளைகள் நடுங்கித் திரும்பி வருகிறார்கள். பேதுரு எடுப்பது இரை தேடும் பசியை. விலங்கு ஒன்று, எடுத்த குணம் வேறு. எந்த விலங்கு வசனத்திலும் முதலில் கேட்க வேண்டியது, இங்கே எந்தக் குணம் எடுக்கப்படுகிறது என்பது. மற்றக் குணங்களைக் கூடவே இழுத்து வந்தால் கடவுளே இரை தேடுகிறவர் ஆகிவிடுவார்.

வெளிப்படுத்தின விசேஷம் 5 இல் இது இன்னும் கூர்மை. யூதாவின் சிங்கம் வென்றது என்று ஒரு மூப்பர் சொல்ல 5 ஆம் வசனத்தில் யோவான் கேட்கிறார். 6 ஆம் வசனத்தில் கண்ணை உயர்த்திப் பார்க்கிறார். அங்கே நிற்பது அடிக்கப்பட்ட ஆட்டுக்குட்டி, அதாவது சிலுவையில் கொல்லப்பட்ட இயேசு. காதுக்குச் சிங்கம், கண்ணுக்கு ஆடு. வலிமை என்பதற்குக் கிறிஸ்தவர்கள் வைத்திருக்கும் பொருளே இந்த இரண்டு வசனங்களுக்கு இடையில்தான் மாறுகிறது. இதைத் தொடாமல் லிவியாதானோடு நிறுத்திவிடுகிற பாடங்கள் கடவுளை வெறும் பலசாலியாக விட்டுவிடுகின்றன.

கூட்டமாக வாசிக்கிறவர்களுக்கு

துக்கத்தில் இருக்கிறவரிடம் யோபு 41 ஐ வாசித்துக் காட்டி, இனிக் கேள்வி கேட்காதீர்கள் என்று சொல்வது பெரும் பிழை. 2004 டிசம்பர் 26 இன் ஆழிப்பேரலையைக் கண்ட கரையில் இதை அழுத்திச் சொல்ல வேண்டும். யோபுவின் பிள்ளைகளும் பெருங்காற்று வீட்டை வீழ்த்தி இறந்தவர்கள். கடவுள் பேசி முடித்த பிறகு 42:7 இல் கண்டிக்கப்படுவது கேள்வி கேட்ட யோபு அல்ல, பதில்களை அள்ளி வீசிய நண்பர்கள். அவர்கள் செய்த ஒரே நல்ல காரியம் 2:13 இல் இருக்கிறது: ஏழு நாள் பேசாமல் கூட இருந்தார்கள்.

பாடமாக எடுப்பவர்கள் 38 முதல் 41 வரை ஒரே அமர்வில் சத்தமாக வாசிக்கலாம், இருபது நிமிடமளவில் முடியும். இரண்டு குரல் வேண்டும். ஒருவர் கேள்வி வசனங்களையும் மற்றவர் வருணனை வசனங்களையும் வாசித்தால், 41:12 இல் கேள்விகள் ஓய்ந்து கிட்டத்தட்ட முழுவதும் வருணனையாக மாறுவது காதில் விழும். படைத்தவர் தம் படைப்பின் செதிலையும் கண்ணையும் கழுத்தையும் ஒவ்வொன்றாக ரசித்துச் சொல்லிக்கொண்டு போகிறார். பதிப்புகளைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்: எபிரேய எண்முறையைப் பின்பற்றும் பதிப்புகளில் லிவியாதான் பகுதி 40:25 இல் தொடங்கும், வைத்திருக்கும் வேதாகமங்கள் வேறுபட்டால் ஆளுக்கொரு பக்கத்தில் நிற்பீர்கள். வாசித்த பிறகு ஒவ்வொருவரும் ஒரு விலங்கை எடுத்து, அதற்கு என்ன வலிமை, அது எதில் தங்கியிருக்கிறது, அதை யார் கவனிக்கிறார் என்ற மூன்றுக்கும் வசனத்திலிருந்தே விடை எழுதட்டும். தீக்கோழியை யாரும் எடுக்கமாட்டார்கள். அதை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்.